நின்றுபோகும் சேவையை விட மெதுவாகும் சேவையை முதலில் சோதியுங்கள்: கேயாஸ் இன்ஜினியரிங் தொடக்கநிலைச் செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் பகுதிக் கோயிலின் தைப்பூசக் காவடிப் பதிவுத் தளத்தைச் சில ஆண்டுகளாக நான் தன்னார்வமாகப் பராமரித்து வருகிறேன். ஓராண்டு, பதிவு திறந்த முதல் மாலையே தளம் செயலற்றுப் போனது. கேப் டவுனில் உள்ள அமேசான் மேகக் கணினியில் இருந்த எங்கள் இரண்டு வெப் சர்வர்களும் டேட்டாபேஸும் நலமாகவே இருந்தன, எதுவும் விழவில்லை. பதிவு உறுதியானதும் பக்தருக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் வெளிச் சேவை ஒன்று மட்டும் அன்று மெதுவாகிவிட்டது. மறுநாள் காலையில் கோயில் அலுவலகத்துக்கு வந்த பெரியவர் ஒருவர், "தம்பி, என் பேரு ரெண்டு தடவை விழுந்திருக்கே, எதை எடுத்துக்கிறது?" என்று பதிவுத்தாளை நீட்டியபோதுதான், குறுஞ்செய்தியில் ஏற்பட்ட தாமதம் எங்கள் பதிவேட்டையே பாதித்திருப்பது எனக்கு விளங்கியது.

அந்தப் பிழையை நானே மீண்டும் உண்டாக்கிப் பார்த்து, திருத்தி, திருத்தம் நிற்கிறதா என்று மறுபடியும் உறுதி செய்துகொண்ட வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். லினக்ஸ் கட்டளைகளும் டாக்கரும் ஓரளவு பழக்கமானவை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கேயாஸ் இன்ஜினியரிங் என்பது, பழுது தானாக வருவதற்கு முன்பே நாமே அளவறிந்து ஒரு பழுதை உண்டாக்கி, அமைப்பு அதைத் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனை முறை. 2008 ஆகஸ்டில் ஒரு டேட்டாபேஸ் சிதைவால் மூன்று நாள்கள் டிவிடி அனுப்ப முடியாமல் தவித்த நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், மேகக் கணினிக்கு இடம்பெயரும்போது இம்முறையை வளர்த்தெடுத்தது. அலுவல் நேரத்தில் சர்வர்களைக் கண்டபடி அணைத்துவிடும் கேயாஸ் மங்கி என்னும் அவர்களுடைய கருவி 2012-இல் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. தொடக்கநிலையில் இருப்போர் பெரும்பாலும் அதைப் பார்த்துவிட்டு, சர்வரை அணைப்பதிலிருந்தே தொடங்குகிறார்கள். அது தவறான தொடக்கம் என்பது என் உறுதியான கருத்து. 2011-இல் நெட்ஃபிளிக்ஸ் தன் கருவிக் குழுவை விவரித்தபோதே, செயற்கையாகத் தாமதத்தை உண்டாக்கும் லேட்டன்சி மங்கி என்ற இன்னொரு கருவியும் அதில் இருந்தது. நமக்கு முதலில் வேண்டியது அதுதான்.

காரணம் எளியது. அணைந்துபோன சேவையை அழைத்தால், 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்ற பதில் பெரும்பாலும் நொடிக்குள் வந்துவிடும்; நம் நிரல் பிழையைப் பதிந்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும். மெதுவான சேவையோ நம்மைக் காத்திருக்கச் செய்து, நம் கையில் உள்ள வேலையாள்களை (வரும் கோரிக்கைகளைக் கையாளும் சர்வர் செயல்முறைகளை) ஒவ்வொருவராகப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நம் நாட்டில் நேரும் பழுதுகளும் பெரும்பாலும் தாமதமாகவே வந்து சேர்கின்றன. 2024 மார்ச் 14 அன்று மேற்கு ஆப்பிரிக்கக் கடலடியில் வாக்ஸ், சாட்-3 உள்ளிட்ட நான்கு கேபிள்கள் பழுதானபோது, வெளிநாட்டுச் சேவைகளுக்குச் செல்லும் போக்குவரத்து எஞ்சிய பாதைகளில் நெருக்கிக்கொண்டு சென்றது. மின்வெட்டு கடுமையாக இருந்த 2023-இல், கைபேசிக் கோபுரங்களின் பேட்டரி தீரும் வேளையில் இணைப்பு முற்றிலும் அறுவதற்கு முன் தரவுப் பொட்டலங்கள் தொலையத் தொடங்கின. பயனரின் கண்ணுக்கு அதுவும் தாமதமாகவே தெரிந்தது.

முதற்படி: வழக்கமான நிலையை எண்ணால் எழுதுங்கள்

சோதனையைத் தொடங்கும் முன், அமைப்பு நலமாக இருப்பதற்கு அடையாளம் எது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சிபியு அளவு வேண்டாம். பயனருக்குக் கிடைக்கும் பயனை அளவாகக் கொள்ளுங்கள். நான் எழுதியது இது: 'நிமிடத்துக்கு 40 பதிவுகள் வந்தாலும், 100-இல் 99 பதிவுகள் 2 நொடிக்குள் முடிய வேண்டும், ஒரே பெயர் இருமுறை ஏறக் கூடாது.' அதற்குக் கீழே கருதுகோள்: 'குறுஞ்செய்திச் சேவை 20 நொடி தாமதித்தாலும் இந்த எண்கள் மாறா.' இதை எழுதாமல் பழுதை உண்டாக்கினால், திரையில் நடப்பதை வேடிக்கை பார்ப்போமே தவிர எதையும் அறிந்துகொள்ள மாட்டோம்.

இரண்டாம் படி: கருவி

கேயாஸ் மெஷ், லிட்மஸ் ஆகியவை குபெர்நெட்டிஸ் (பல சர்வர்களில் டாக்கர் பெட்டிகளை நிர்வகிக்கும் அமைப்பு) வைத்திருப்போருக்கு நல்ல கருவிகள். இரண்டு சர்வர் மட்டுமே உள்ளவர் அவற்றுக்காகக் குபெர்நெட்டிஸ் கற்கத் தொடங்க வேண்டியதில்லை. நான் பரிந்துரைப்பது டாக்ஸிபிராக்ஸி. ஷாப்பிஃபை நிறுவனம் உருவாக்கி 2014 முதல் பயன்படுத்திவரும் இச்சிறு கருவி, நம் நிரலுக்கும் அது அழைக்கும் சேவைக்கும் நடுவே அமர்ந்துகொண்டு, போகும் வரும் தரவை நாம் சொன்னபடி தாமதப்படுத்தும், துண்டாக்கும் அல்லது நிறுத்திவைக்கும். அதற்கான ஆணைகளை 8474 என்ற துறையில் (போர்ட்) ஏற்கிறது.

சோதனைக்கு உண்மையான குறுஞ்செய்திச் சேவையைத் தொடாதீர்கள். பக்தர்களின் கைபேசிக்குப் போலிச் செய்தி போய்ச் சேரும். எந்த அழைப்புக்கும் 'சரி' என்று பதில் தரும் பத்து வரிப் போலிச் சேவையை எழுதி, டாக்ஸிபிராக்ஸியை அதற்கு முன்னால் நிறுத்தி, நிரலின் அமைப்புக் கோப்பில் முகவரியை மாற்றினால் போதும்.

எனக்கு அரைநாளை விழுங்கிய இடம் இதுதான். டாக்ஸிபிராக்ஸியை டாக்கர் பெட்டிக்குள் ஓட்டி, அது கேட்கும் முகவரியாக லோக்கல்ஹோஸ்ட் என்று கொடுத்திருந்தேன். பெட்டிக்குள் லோக்கல்ஹோஸ்ட் என்பது அந்தப் பெட்டியையே குறிக்கும். வெளியிலிருந்து வரும் அழைப்பு அதை எட்டாது. ஆகவே நான் எந்தப் பழுதையும் உண்டாக்காமலேயே நிரல் பிழை காட்டியது. அதைச் சோதனையின் முடிவு என்று நம்பிக் குறிப்பும் எழுதிவிட்டேன். கேட்கும் முகவரியை 0.0.0.0 என்று கொடுங்கள். அதைவிட முக்கியமாக, பழுது எதையும் சேர்க்காமல் ஒருமுறை முழுச் சுமையையும் ஓட்டி, முதற்படியில் எழுதிய எண்கள் அப்படியே வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் மட்டுமே மேலே செல்லுங்கள்.

மூன்றாம் படி: நிறுத்தும் வழி

பழுதை நீக்கும் கட்டளையை எழுதி, ஒருமுறை ஓட்டிப் பார்த்த பிறகே பழுதைச் சேர்க்கும் கட்டளையை எழுதுங்கள். எந்த எண் எந்த அளவைத் தாண்டினால் சோதனையை நிறுத்துவீர்கள் என்பதையும் முன்னரே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான்காம் படி: தாமதத்தைச் சேர்த்தல்

டாக்ஸிபிராக்ஸியில் சேர்க்கும் ஒவ்வொரு பழுதுக்கும் நச்சு என்று பெயர். தாமத நச்சை 20,000 மில்லிநொடி என்று சேர்த்துவிட்டு, நிமிடத்துக்கு 40 பதிவு என்ற சுமையை ஓட்டினேன். ஒரு நிமிடம் கடப்பதற்குள் அந்தத் தைப்பூச மாலை என் மடிக்கணினியில் மீண்டும் அரங்கேறியது. ஒவ்வொரு சர்வரிலும், எங்கள் பைத்தான் நிரலை ஓட்டும் கூனிகார்ன் 4 வேலையாள்களை வைத்திருந்தது. இரண்டிலும் சேர்த்து 8. ஒரு பதிவு 20 நொடி பிடித்தால், ஒரு வேலையாளால் நிமிடத்துக்கு 3 பதிவுகளையே முடிக்க முடியும். எட்டுப் பேரும் சேர்ந்து 24. வருவதோ 40. எஞ்சிய 16 பதிவுகள் ஒவ்வொரு நிமிடமும் வரிசையில் சேர்ந்துகொண்டே போகும். சிபியு அளவோ ஓய்வாக இருப்பதாகவே காட்டும். ஏனெனில் காத்திருப்பதற்குக் கணிப்பு வேலை எதுவும் இல்லை.

தாமதத்தை 40 நொடியாக உயர்த்தியதும் நிலைமை இன்னும் மோசமானது. வெளிச் சேவைகளை அழைக்க நிரல் பயன்படுத்தும் பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம், நாம் கால வரம்பு தராவிட்டால் எவ்வளவு நேரமும் காத்திருக்கும். கூனிகார்னோ 30 நொடி அசைவற்றிருக்கும் வேலையாளைக் கொன்றுவிட்டுப் புதியதைத் தொடங்கும். பதிவு டேட்டாபேஸில் ஏறிய பிறகே குறுஞ்செய்தி அழைப்பு நடந்ததால், பதிவு முடிந்திருந்தும் பக்தருக்குப் பிழைப் பக்கம் தெரிந்தது. அவர் மீண்டும் அழுத்தினார். பெரியவரின் பெயர் இருமுறை விழுந்த கதை இதுதான். வரும் கோரிக்கைகளை இரு சர்வர்களுக்கும் பிரித்தனுப்பும் சுமை பகிர்வியின் நலச் சோதனை அழைப்பும் இதே வரிசையில் நின்று காலாவதியானதால், ஒரு சர்வர் நலமற்றது என்று விலக்கப்பட்டு, சுமை முழுவதும் மற்றொன்றின் தலையில் விழுந்தது.

ஐந்தாம் படி: திருத்தமும் மறுசோதனையும்

முதலில் 3 நொடிக் கால வரம்பு வைத்தேன். மறுசோதனையில் வரிசை தேங்குவது நின்றது. ஆனால் அத்துடன் நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பேன். ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்தின் கால வரம்பு மொத்த நேரத்துக்கு உரியதன்று. ஒரு துளித் தரவுக்கும் அடுத்த துளிக்கும் இடைப்பட்ட காத்திருப்புக்கே உரியது. பதிலை ஒவ்வொரு பைட்டாக நொடிக்கு ஒன்று என்று சொட்டவிடும் சேவையிடம் அந்த வரம்பு ஒருபோதும் செயல்படாது. தரவைத் துண்டாக்கி இடைவெளி விட்டு அனுப்பும் டாக்ஸிபிராக்ஸியின் ஸ்லைசர் நச்சு இதைத்தான் செய்து காட்டும். அதைப் பயன்படுத்தும்போது ஒன்றை மறக்காதீர்கள்: தாமத நச்சின் அளவு மில்லிநொடியில், ஸ்லைசரின் அளவோ மைக்ரோநொடியில். நான் 1000 என்று கொடுத்துவிட்டு, எதுவும் நடக்கவில்லையே என்று மகிழ்ந்தேன். 10,00,000 என்று திருத்தியதும் பதிவுகள் மீண்டும் தேங்கின.

ஆகவே குறுஞ்செய்தியைப் பதிவின் வழியிலிருந்தே விலக்கினேன். பதிவு ஏறும் அதே டேட்டாபேஸ் பரிவர்த்தனையில் 'அனுப்ப வேண்டியவை' என்ற அட்டவணையிலும் ஒரு வரி ஏறும். தனியே ஓடும் ஒரு வேலையாள் அதிலிருந்து எடுத்து அனுப்பும். பதிவுப் படிவத்தில் ஒரு தனி அடையாள எண்ணையும் சேர்த்ததால், எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு பதிவே நிற்கும். மறுமுயற்சியைப் பற்றி ஓர் எச்சரிக்கை: நிரல், நடுவிலுள்ள நூலகம், அனுப்பும் வேலையாள் என மூன்று அடுக்கிலும் தலா 3 முறை முயலச் சொன்னால், திணறிக்கொண்டிருக்கும் சேவையின் மேல் ஒரு செய்திக்கு 27 அழைப்புகள் விழும். ஓர் அடுக்கில் மட்டும் மறுமுயற்சி வையுங்கள். ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, அதில் சிறிது தற்செயல் நேரத்தையும் கலந்துவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு இரண்டு நச்சுகளையும் மறுபடி சேர்த்து ஓட்டியபோது, தாளில் எழுதிய எண்கள் அசையவில்லை.

மேகச் சர்வரில் செய்யும்போது

மடிக்கணினியில் நின்றதை உண்மைச் சர்வரிலும் பார்க்க வேண்டும். பதிவு நடக்காத மாதத்தில், ஒரு சர்வரில் மட்டும், லினக்ஸிலேயே உள்ள டிசி கட்டளையின் நெட்எம் வசதியை (வலைப் போக்குவரத்தில் தாமதமும் பொட்டல இழப்பும் உண்டாக்குவது) கொண்டு செய்யுங்கள். பொட்டல இழப்பை அதிகமாக வைத்துவிட்டால் நீங்கள் நுழைந்திருக்கும் எஸ்எஸ்எச் இணைப்பும் அதே வலை அட்டை வழியாகத்தான் போகிறது என்பதை அப்போது உணர்வீர்கள். பழுதை நீக்கும் கட்டளையைத் தட்டச்சு செய்யவே முடியாது. எனக்கு அவ்வாறு நேர்ந்து, மேகக் கணினியின் கட்டுப்பாட்டுப் பக்கத்திலிருந்து சர்வரை மறுதொடக்கம் செய்துதான் மீண்டேன். அதனால் இப்போது, 120 நொடி கழித்துப் பழுதைத் தானே நீக்கும் கட்டளையைப் பின்னணியில் ஓடவிட்ட பிறகே பழுதைச் சேர்க்கிறேன். நெட்எம் வெளியே செல்லும் பொட்டலங்களை மட்டுமே பாதிக்கும் என்பதையும், லோக்கல்ஹோஸ்ட் இடைமுகத்தில் 100 மில்லிநொடி வைத்தால் பிங் 200 காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். போவதும் வருவதும் அங்கே ஒரே வாசல் வழியாகத்தான்.

பின்சேர்க்கை

இதைப் படித்துச் செய்து பார்த்த மொரீஷியஸ் வாசகர் ஒருவர், போலிச் சேவைக்குப் பதிலாகத் தம் நிறுவனத்தின் சோதனைச் சேவையையே டாக்ஸிபிராக்ஸிக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அது எச்டிடிபிஎஸ் என்பதால், லோக்கல்ஹோஸ்ட் என்று அழைத்தபோது சான்றிதழில் உள்ள பெயர் பொருந்தாமல் இணைப்பு முறிந்தது. சான்றிதழ்ச் சரிபார்ப்பை அணைத்துவிடாதீர்கள்; அந்த வரி பிறகு உண்மைச் சர்வருக்கும் போய்விடும் அபாயம் உண்டு. ஹோஸ்ட்ஸ் கோப்பில் அந்தச் சேவையின் பெயருக்கு 127.0.0.1 என்று எழுதி, டாக்ஸிபிராக்ஸியையும் அந்தச் சேவைக்குரிய துறையிலேயே கேட்கச் செய்யுங்கள். டாக்ஸிபிராக்ஸியின் இலக்காக மட்டும் சேவையின் உண்மையான ஐபி எண்ணைக் கொடுங்கள். அங்கும் பெயரையே கொடுத்தால் டாக்ஸிபிராக்ஸி தன்னையே அழைத்துக்கொண்டு சுழலும். அவருக்கும் முதல் முயற்சியில் அதுவே நடந்தது, பெயரை ஐபி எண்ணாக மாற்றிய பிறகு சோதனை ஓடியதாக எழுதியிருக்கிறார்.