ஆப்பிரிக்க சிக்லிடா, தென்னமெரிக்க சிக்லிடா? முதல் தொட்டி வைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

சிக்லிட் என்பது தொட்டியில் விரும்பி வளர்க்கப்படும் ஒரு பெரிய மீன் குடும்பம். நான் முதன்முதலில் வாங்கிய சிக்லிட் ஒரு ஜோடி ரேம். நீலப் புள்ளிகளும் மஞ்சள் முகமுமாக அவ்வளவு அழகு. மூன்று வாரம்கூட இருக்கவில்லை. கடைக்காரர் ‘பி.எச். குறைக்கிற மருந்து ஊத்துங்க’ என்றார், ஊற்றினேன். (பி.எச். என்பது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண். 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம்.) காலையில் 7-க்கு இறங்கும், மறுநாள் பார்த்தால் மறுபடி 8. மறுபடி ஊற்றுவேன். மீன்கள் செத்த பிறகுதான் புரிந்தது: என் குழாயில் வந்தது ஆப்பிரிக்க ஏரி மீன்கள் குதித்து விளையாடும் தண்ணீர். அதில் தென்னமெரிக்க ஆற்று மீனை வைத்துக்கொண்டு தினமும் தண்ணீரோடு சண்டை போட்டிருக்கிறேன்.

அதனால், தேர்வைக் கண்டத்திலிருந்து தொடங்காதீர்கள். ஏரி மீனா, ஆற்று மீனா என்று கேளுங்கள். கடைகளில் ‘ஆப்பிரிக்கன்’ என்ற பெயரில் விற்பவை பெரும்பாலும் மலாவி ஏரி மீன்கள், கொஞ்சம் டாங்கன்யிகா ஏரி மீன்கள். இந்த ஏரிகளில் சேரும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகவே வெளியேறுகிறது, உப்புகள் பின்தங்கிவிடுகின்றன. மலாவியில் பி.எச். ஏறக்குறைய 7.7 முதல் 8.6 வரை, டாங்கன்யிகாவில் 9-ஐ ஒட்டி இருக்கும். அமேசான் பகுதி ஆறுகள் இதற்கு நேர் எதிர். மழைநீர், இலைச்சருகு, உப்பில்லாத மண். ரியோ நெக்ரோ ஆற்றின் தண்ணீர் பால் விடாத தேநீர் நிறத்தில், பி.எச். 5-ஐ ஒட்டியோ அதற்கும் கீழாகவோ இருக்கும்.

கண்டத்தை வைத்துப் பிரித்தால் இன்னொரு குழப்பமும் வரும். கிரிபென்சிஸ் ஆப்பிரிக்க மீன்தான், ஆனால் நைஜீரியா, கேமரூன் பக்கத்து ஆறுகளைச் சேர்ந்தது. மலாவி மீன்களோடு அதைப் போட்டால் பாவம், தண்ணீரும் ஒத்துவராது, அடியும் விழும். அதேபோல கான்விக்ட், ஃபயர்மவுத் போன்றவற்றைத் தென்னமெரிக்க மீன் என்று சொல்லி விற்பார்கள். அவை மத்திய அமெரிக்காவைச் சேர்ந்தவை, கடின நீரையும் தாங்கும்.

படி 1: தண்ணீரை அளந்து பாருங்கள்

மீன் பார்க்கக் கடைக்குப் போவதற்கு முன் இதை முடித்துவிடுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, முடிந்தால் காற்றுக்கல் போட்டு, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். நிலத்தடி நீரில் கரியமில வாயு கரைந்திருக்கும். பிடித்த உடனே அளந்தால் பி.எச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

மறுநாள் மூன்றை அளக்க வேண்டும். பி.எச். ஒன்று. ஜி.எச். என்கிற பொதுக் கடினத்தன்மை, அதாவது கால்சியமும் மக்னீசியமும், இன்னொன்று. மூன்றாவது கே.எச். என்கிற கார்பனேட் கடினத்தன்மை. துளி விட்டுப் பார்க்கும் திரவ டெஸ்ட் கிட் வாங்குங்கள், காகிதப் பட்டையைவிட நம்பகமானது. வீட்டில் டி.டி.எஸ். மீட்டர் இருக்கிறதே என்று அதோடு நிறுத்திவிடாதீர்கள். எவ்வளவு கரைந்திருக்கிறது என்பதை அது ஏறத்தாழச் சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்பதைச் சொல்லாது.

மூன்றிலும் என்னைக் கவிழ்த்தது கே.எச். தான். தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் கார்பனேட் அதை விழுங்கிவிடும். கே.எச். அதிகமான தண்ணீரில் எவ்வளவு மருந்து ஊற்றினாலும் பி.எச். திரும்ப மேலே வருவது இதனால்தான். நிலையான 8-ஐவிட, தினமும் 7-க்கும் 8-க்கும் நடுவே ஊசலாடும் பி.எச். மீனுக்குப் பெரிய தண்டனை.

அளந்தாயிற்றா? கே.எச். 8 டிகிரியோ மேலேயோ இருந்து, பி.எச். 7.8-ஐத் தாண்டினால் ஏரி மீன் வாங்குங்கள். கே.எச். 4-க்குக் கீழே, ஜி.எச். 6-க்குக் கீழே, பி.எச். 7-ஐ ஒட்டி என்றால் ஆற்று மீன். இரண்டுக்கும் நடுவில் இருந்தால் கொடுத்துவைத்தவர், ஏறக்குறைய எதையும் வளர்க்கலாம். பண்ணையில் பிறந்து வளர்ந்த தென்னமெரிக்க மீன்களான ஏஞ்சல், ஆஸ்கர், பொலிவியன் ரேம் எல்லாம் இந்த நடுத்தரத் தண்ணீரில் நன்றாகவே இருக்கும்.

தண்ணீரை மாற்றவே முடியாதா என்றால், ஒரு திசையில் சுலபம். மென்மையான நீரைக் கடினமாக்க, நொறுக்கிய பவளக்கல்லை ஒரு வலைப்பையில் கட்டி ஃபில்டருக்குள் வைத்தால் போதும், மெதுவாகக் கரைந்து பி.எச்., கே.எச். இரண்டையும் உயர்த்தும். கடின நீரை மென்மையாக்க ஆர்.ஓ. தண்ணீரைக் கலக்க வேண்டும். ஒவ்வொரு வாரமும், தொட்டி இருக்கும் காலம் வரை. நான் அதை ஒரு வருடம் செய்து பார்த்துவிட்டு விட்டேன். டிஸ்கஸ் என்கிற தென்னமெரிக்க ஆற்று மீன் மீது தீராத ஆசை இருந்தால் தவிர, முதல் தொட்டிக்கு அந்த வேலை வேண்டாம்.

படி 2: தொட்டியின் அளவு

சிறிய தொட்டிதான் வைக்க முடியும் என்றால் வழி இல்லாமல் இல்லை. 80 லிட்டரில் ஒரு ஜோடி ரேமோ, ஓர் ஆண் இரண்டு பெண் அப்பிஸ்டோவோ (இதுவும் ஒரு குட்டித் தென்னமெரிக்க சிக்லிட்) வைக்கலாம். கடின நீர் என்றால் டாங்கன்யிகாவின் மல்ட்டி. சுமார் 4 செ.மீ. நீளம் வரும் இந்தப் பொடிமீன் காலி நத்தை ஓட்டுக்குள் குடும்பம் நடத்தும், 60 லிட்டரே போதும். அது மணலை வாயால் அள்ளி அள்ளி ஓட்டைப் புதைக்கும் அழகுக்குத் தனிப் பதிவே எழுதலாம்.

மலாவியின் பாறை மீன்களான ம்புனாவுக்கு 4 அடி நீளத் தொட்டி வேண்டும், சுமார் 200 லிட்டருக்கு மேல். லிட்டரைவிட நீளம் முக்கியம், துரத்தப்படும் மீன் ஓட இடம் வேண்டுமே. ஏஞ்சலுக்கு உயரம் வேண்டும், 45 செ.மீ. இருந்தால் நல்லது. ஆஸ்கர் கடையில் விரல் நீளம்தான் இருக்கும், ஒரே வருடத்தில் 25 செ.மீ.-ஐ நெருங்கிவிடும், பிறகு 30-ஐயும் தாண்டும். அதற்கு 300 லிட்டர் இல்லாமல் ஆசைப்படாதீர்கள். சொந்தக்காரரை அடையாளம் கண்டு ஓடி வரும், இடத்தை மாற்றி வைத்தால் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துக் கோபித்துக்கொள்ளும். அதனால்தான் எல்லாரும் அதில் விழுகிறார்கள்.

படி 3: யார் யாரோடு

இரண்டு கூட்டமும் சண்டைக்காரர்கள்தான், சண்டையின் விதம் வேறு. ம்புனா நாள் முழுக்க அடித்துக்கொள்ளும். அங்கே உத்தி, அடியைப் பங்கு போடுவது. நான்கு மீன் இருந்தால் பலவீனமான ஒன்று மட்டுமே எல்லா அடியையும் வாங்கிச் சாகும். 15 மீன் இருந்தால் யாரைத் துரத்துவது என்று ரவுடிக்கே குழப்பம். ஓர் ஆணுக்கு மூன்று பெண் என்ற கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் அதிகமானால் கழிவும் அதிகம், ஃபில்டர் பெரிதாக வேண்டும்.

தொடங்குவதற்கு யெல்லோ லேப், ரஸ்டி இரண்டும் ம்புனாவிலேயே சாதுவானவை. சவுலோசியும் நல்ல தேர்வு. ஆண் நீலம், பெண் மஞ்சள், ஒரே இனத்தில் இரண்டு நிறம் கிடைத்துவிடும். ஆனால் அதை யெல்லோ லேப்போடு சேர்க்காதீர்கள். மஞ்சளும் மஞ்சளும் குழம்பி இனக்கலப்பு நடக்கலாம். ‘மிக்ஸ் ஆப்பிரிக்கன்’ என்று மொத்தமாக விற்கும் தொட்டியைக் கண்டால் நகர்ந்துவிடுங்கள். அதில் கட்டாயம் ஓர் ஆரட்டஸ் இருக்கும். குட்டியாக மஞ்சளில் கறுப்புக் கோடுகளோடு கொள்ளை அழகு, ஆண் வளர்ந்தால் கறுத்துப்போய் முழுத் தொட்டியையும் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும்.

ஆற்று மீன்கள் பெரும்பாலும் அமைதியாகத்தான் இருக்கும், ஜோடி சேர்ந்து முட்டையிடும் வரை. அப்புறம் அதே ஏஞ்சல் தொட்டியில் பாதியைக் காலி செய்யச் சொல்லும். முட்டை இல்லாத நாட்களில் டெட்ரா என்கிற சிறு மீன்களின் கூட்டத்தோடு ரேம், அப்பிஸ்டோ, ஏஞ்சல் எல்லாம் ஒத்துப்போகும். ஒன்று மட்டும்: நியான் டெட்ராவை வளர்ந்த ஏஞ்சலோடு விடாதீர்கள். ஏஞ்சலின் கண்ணுக்கு அது அண்டைவீட்டுக்காரர் கிடையாது, சாப்பாடு.

ஏரி மீனையும் ஆற்று மீனையும் ஒரே தொட்டியில் கலக்கலாமா? வேண்டாம்.

படி 4: உள்ளே என்ன வைப்பது

ஏரித் தொட்டிக்குப் பாறை, நிறையப் பாறை. பாறையை முதலில் அடிக்கண்ணாடியின் மேல் உட்கார வையுங்கள், கீழே ஒரு மெல்லிய நுரைத்தாள் இருந்தால் இன்னும் நல்லது. பிறகு மணல் போடுங்கள். மணல் மேல் பாறை அடுக்கினால் மீன்கள் அடியில் தோண்டி ஒரு நாள் கோட்டையைச் சரித்துவிடும், கண்ணாடியும் போகும். குகைகள் ஒன்றின் வழியே இன்னொன்றுக்குப் போகும்படி அமையுங்கள். சுண்ணாம்புக் கல் இங்கே நல்லது. செடி வைத்தால் ம்புனா மேய்ந்துவிடும், அனுபியாஸ் மட்டும் தாக்குப்பிடிக்க வாய்ப்பு உண்டு.

ஆற்றுத் தொட்டியில் சுண்ணாம்புக் கல் கூடாது. கல்லின் மேல் நாலு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிறதா பாருங்கள், நுரைத்தால் அது ஏரித் தொட்டிக்கு. இங்கே வேண்டியது மரவேர், நைசான மணல், செடிகள், காய்ந்த பாதாம் இலை. தண்ணீர் லேசாகத் தேநீர் நிறமானால் கவலைப்படாதீர்கள், மீனுக்கு அது ஊர் ஞாபகம். ஜியோஃபேகஸ் என்கிற தென்னமெரிக்க சிக்லிட் மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியே விடும். அதற்குக் கூர்மையான சரளை போட்டால் வாய் புண்ணாகும்.

ஹீட்டர் ஏரித் தொட்டிக்கு 25 டிகிரி செல்சியஸ். ஏஞ்சலுக்கு 26, ரேமுக்கு 27 அல்லது 28, டிஸ்கஸுக்கு 28 முதல் 30.

படி 5: மீன் இல்லாமல் ஓடவிடுங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். மீன் கழிவிலிருந்து அமோனியா வரும், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரில் குடியேற பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும். குளோரினை நீக்கிய தண்ணீரில் ஃபில்டரை ஓடவிட்டு, உணவாகக் கொஞ்சம் அமோனியாத் திரவமோ, தினமும் ஒரு சிட்டிகை மீன் உணவோ போடுங்கள். போட்ட அமோனியா 24 மணி நேரத்தில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் என்றால் தொட்டி தயார்.

ஏரித் தொட்டிக்காரர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். டெஸ்ட் கிட் காட்டும் அமோனியா முழுவதும் விஷ வடிவில் இருப்பதில்லை. 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் அதில் விஷப் பங்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பி.எச். 8-இல் சுமார் 5 சதவீதம், 8.5-இல் சுமார் 15 சதவீதம். டெஸ்ட் கிட்டில் அதே எண், அதே நிறம். ஆற்றுத் தொட்டியில் தப்பிக்கும் தவறு ஏரித் தொட்டியில் ஒரே இரவில் மொத்தத்தையும் கொண்டுபோய்விடும்.

படி 6: மீனை வாங்கி விடுதல்

ம்புனாவைக் குட்டியாக, ஒரே நேரத்தில் மொத்தமாக விடுவது நல்லது, முதலில் வந்தவன் இடம் பிடிக்க முடியாது. அதனால்தான் ஃபில்டர் முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும். ஆற்று மீனில் டெட்ராக்களை முதலில் விட்டு, இரண்டு வாரம் கழித்து சிக்லிட்டை விடுங்கள். ஏஞ்சல், ரேம் ஜோடி வேண்டுமென்றால் ஆறு குட்டிகள் வாங்கி அவையே ஜோடி சேரட்டும் என்று விட்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவது நடைமுறை.

பையோடு 20 நிமிடம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரை அரை மணி நேரம் பைக்குள் சிறிது சிறிதாகச் சேருங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். முதல் நாள் விளக்கு வேண்டாம்.

வாரம் ஒருமுறை 25 முதல் 30 சதவீதத் தண்ணீரை மாற்ற வேண்டும். இது இரண்டு தொட்டிக்கும் பொது.

படி 7: உணவு, ஒரு எச்சரிக்கையோடு

ரேம், ஏஞ்சல், அப்பிஸ்டோ எல்லாம் புழுப் பிரியர்கள். நல்ல சிறுமணி உணவோடு உறைந்த ஆர்ட்டீமியா (பொடி இறால் வகை), வாரத்தில் ஓரிரு நாள் ரத்தப்புழு கொடுக்கலாம். ம்புனா அப்படியில்லை. அவற்றில் பலவும் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை, குடல் நீளமானது. ஸ்பைருலினா என்கிற பாசி கலந்த தாவர உணவுதான் சரி. மாட்டிதயம், ரத்தப்புழு என்று ஆசையாகக் கொடுத்தால் மலாவி ப்ளோட் என்கிற வயிற்று உப்புசம் வரும். மீன் சாப்பிட மறுக்கும், வெள்ளை நூல்போல் கழிவு தொங்கும், பிறகு வயிறு வீங்கும். வீங்கிய பிறகு காப்பாற்றுவது கஷ்டம், உணவை மறுக்கும்போதே தனித்தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

ஆனால் உங்கள் யெல்லோ லேப் பெண் ஒரு நாள் சாப்பாட்டைத் திரும்பிப் பார்க்காமல் மூலையில் நின்றால், உடனே மருந்தைத் தேடாதீர்கள். முதலில் எங்கே வீங்கியிருக்கிறது என்று பாருங்கள். வயிறு ஒட்டி, தாடைக்குக் கீழே பை மாதிரி உப்பி, எதையோ மெல்வதுபோல் வாயை அசைத்துக்கொண்டிருந்தால், அதன் வாய்க்குள் முட்டைகள் இருக்கின்றன. சுமார் மூன்று வாரம் அப்படியே சுமக்கும். வலையை எடுக்காமல் விட்டுவிடுங்கள், அதிர்ந்தால் துப்பிவிடும்.