குழுவாகச் சைக்கிள் ஓட்டப் பழகுவது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

தனியாக முப்பது கிலோமீட்டர் போய்விட்டு அலட்டிக்கொள்ளாமல் வீடு திரும்புகிறவர்கூடக் குழுவோடு போகும் முதல் நாளில் தடுமாறுவார். முன்னால் ஒருவரின் பின்சக்கரம், பக்கத்தில் இன்னொருவரின் ஹேண்டில், முதுகுக்குப் பின்னால் யார் எவ்வளவு நெருங்கி வருகிறார் என்றே தெரியாது. தனியாக ஓட்டும்போது நினைத்த இடத்தில் பிரேக் பிடிக்கலாம், பள்ளத்தைக் கண்டால் சட்டென்று ஒடிக்கலாம். குழுவில் அதையே செய்தால் பின்னால் வரும் மூன்று பேர் சாலையில் கிடப்பார்கள். அடுத்து நாம் என்ன செய்யப்போகிறோம் என்று பின்னால் வருகிறவர் ஊகிக்கும்படி ஓட்டுவதுதான் இங்கே திறமை. வேகம் பிறகு வரும்.

படி 1: சீட்டின் உயரத்தைச் சரிசெய்யுங்கள்

பந்தய சைக்கிள்தான் வேண்டும் என்றில்லை. நல்ல நிலையில் இருக்கும் எந்தக் கியர் சைக்கிளும் போதும். ஆனால் சீட்டின் உயரம் சரியாக இருக்க வேண்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறி உட்காருங்கள். பெடலைக் கீழே கொண்டுபோய்க் குதிகாலை அதன்மேல் வையுங்கள். இடுப்பு ஒருபக்கம் சாயாமல் கால் நேராக நீள வேண்டும். பிறகு வழக்கம்போல முன்பாதத்தை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். அந்த உயரத்தில் தொடங்கலாம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்வு, பின்பக்கம் வலித்தால் உயரம் அதிகம். மாற்றும்போது சில மில்லிமீட்டர்களாக மாற்றுங்கள். ஒரே நாளில் இரண்டு சென்டிமீட்டர் ஏற்றினால் வேறொரு இடம் வலிக்க ஆரம்பிக்கும்.

படி 2: கிளம்பும் முன் ஒரு நிமிடச் சோதனை

காற்று, பிரேக், செயின். இந்த மூன்றும் போதும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் எண் அந்த டயர் தாங்கும் உச்ச அளவு. அதுவரை அடித்தே ஆக வேண்டும் என்று பொருளில்லை. எடை குறைந்தவர்கள் அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளலாம், ஈரச் சாலையில் பிடிப்பும் கூடும். பிரேக் பிடியை அழுத்தினால் அது ஹேண்டிலைத் தொடக்கூடாது. வண்டியை ஒரு சாண் தூக்கித் தரையில் விடுங்கள். கடகடவென்று சத்தம் கேட்டால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது.

கூடவே உங்கள் சக்கர அளவுக்கான மாற்று டியூப், டயரைக் கழற்றும் நெம்புகோல் இரண்டு, சிறிய பம்பு. குழுவில் பஞ்சர் பார்க்கத் தெரிந்தவர் இருப்பார், ஆனால் உங்கள் அளவு டியூப் அவரிடம் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். வீட்டில் ஒருமுறை பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஹெல்மெட்டின் விளிம்பு புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளியில் இருக்கட்டும். நெற்றி தெரியப் பின்னுக்குச் சரித்துப் போடுவதில் பயனில்லை. காதில் இயர்போன் வேண்டவே வேண்டாம்.

படி 3: தனியே பழக வேண்டியவை

வண்டி வராத ஒரு திறந்த இடம் போதும். தரையில் கோடு இருந்தால் அதன்மேலேயே ஓட்டிப் பாருங்கள். நேராக ஓட்டுவது சுலபம் என்று தோன்றும், ஐம்பது மீட்டர் போனால் உண்மை தெரியும். அடுத்து, கோட்டைவிட்டு விலகாமல் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பாருங்கள். தலை திரும்பும் பக்கம் கையும் சேர்ந்து இழுக்கும். அது நிற்கிறவரை பழகுங்கள். பிறகு ஒரு கையை எடுத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை உருவிக் குடித்துத் திரும்ப வைப்பது. கீழே பார்க்காமல் வைக்க வேண்டும்.

பிரேக்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது, ஏனென்றால் வேகம் குறையும்போது உடலின் எடை முன்னால் சாய்கிறது. முன் பிரேக்கைத் தொடவே பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடித்தால் நிற்கும் தூரம் நீளும், சக்கரமும் வழுக்கும். இரண்டையும் சேர்த்து மெதுவாக அழுத்திக்கொண்டே இடுப்பைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளுங்கள்.

கனமான கியரில் முக்கி முக்கி மிதிக்கும் பழக்கம் இருந்தால் அதை இப்போதே விடுங்கள். வலது முழங்கால் 15 நொடியில் எத்தனைமுறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 20 முதல் 22 வந்தால் நிமிடத்துக்கு 80 முதல் 88 சுற்று. இந்த அளவில் மிதிக்கிறவரால் முன்னால் வேகம் மாறும்போது சட்டென்று ஈடுகொடுக்க முடியும்.

படி 4: குழுவிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

எவ்வளவு தூரம், எங்கே நிற்பார்கள், பின்தங்கினால் காத்திருப்பார்களா, கடைசியில் ஒருவர் எப்போதும் கூட வருவாரா? கடைசி இரண்டுக்கும் 'ஆம்' என்று பதில் வராத குழுவுக்கு இப்போது போகாதீர்கள்.

சராசரி வேகத்தைக் கேட்கும்போது ஒரு விஷயம். 25 கி.மீ. சராசரி என்று சொன்னால் அதில் திருப்பங்களும் ஏற்றங்களும் சேர்ந்திருக்கும். சமதளத்தில் அவர்கள் 28, 30 என்று போய்க்கொண்டிருப்பார்கள். தனியாக உங்களுக்கு எந்தச் சராசரி சுகமாக வருகிறதோ அதற்கு ஒரு படி கீழே உள்ள குழுவில் சேருங்கள். முதல் நாள் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தால் சைகையும் கண்ணில் படாது, பள்ளமும் தெரியாது.

படி 5: கூட்டத்துக்குள்

ஒருவர் பின்னால் ஒருவர் ஏன் ஒட்டிக்கொண்டு போகிறார்கள்? காற்றுதான் காரணம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. அதை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்பக் கூடுகிறது. 20 கி.மீ. வேகத்தை 30 ஆக்கினால், காற்றைப் பிளப்பதற்கு மட்டும் மூன்று மடங்குக்கும் மேல் உழைக்க வேண்டும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் அந்த வேகத்தில் உங்கள் உழைப்பில் ஏறக்குறைய கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை மிச்சமாகும். பலம் குறைந்தவரும் பலசாலியும் ஒரே வரிசையில் போக முடிவது இதனால்தான்.

அந்தச் சலுகைக்கு ஆசைப்பட்டு முதல் நாளே ஒட்டிக்கொள்ளாதீர்கள். ஒரு சைக்கிள் நீளம், அதாவது ஏறத்தாழ இரண்டு மீட்டர் விட்டு ஓட்டுங்கள். அங்கேயும் காற்று குறைவதை உணர்வீர்கள். நம்பிக்கை வர வர ஒரு மீட்டர், பிறகு அதற்கும் குறைவு.

இதில் மீறவே கூடாத விதி ஒன்று உண்டு. உங்கள் முன்சக்கரம் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தைத் தாண்டிப் பக்கவாட்டில் நுழையக்கூடாது. அவர் ஒரு கல்லுக்காக ஒரு சாண் விலகினால் இரண்டு சக்கரங்களும் உரசும். அவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. விழுவது நீங்கள்தான், ஏனென்றால் திசையைப் பிடிக்கும் சக்கரம் உங்களுடையது. குழு விபத்துகளில் நிறைய இப்படித்தான் தொடங்குகின்றன.

பார்வையை முன்னால் உள்ள டயரில் ஒட்டவைக்காதீர்கள். அவரது தோளையும் அதற்கு அப்பால் இரண்டு மூன்று பேரையும் பாருங்கள், அப்போது பிரேக்குக்குத் தேவையே குறையும். வேகத்தைக் குறைக்க முதலில் மிதிப்பதை இலேசாக்குங்கள். அடுத்து, நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் காற்றை வாங்குங்கள். அதுவும் போதாவிட்டால்தான் பிரேக், அதையும் தொட்டுத் தொட்டு.

எழுந்து நின்று மிதிக்கும்போது அந்த நொடியில் வண்டி சற்றுப் பின்னுக்கு வரும். பின்னால் ஒட்டி வருகிறவருக்கு நீங்கள் பிரேக் அடித்த மாதிரி இருக்கும். நிற்பதற்கு முன் ஒரு கியர் கூட்டிக்கொண்டு, பெடல் கீழிறங்கும் அழுத்தத்தோடு எழுந்தால் இது நடக்காது.

சைகைகள் குழுவுக்குக் குழு கொஞ்சம் மாறும், கிளம்பும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாகப் பள்ளம் இருக்கும் பக்கம் கையைத் தாழ்த்திக் காட்டுவார்கள். நிறுத்தப்போவதைத் திறந்த உள்ளங்கை சொல்லும். கையை எடுக்க முடியாத இடத்தில் குரல் கொடுத்தால் போதும்: 'பள்ளம்!', 'மெதுவா!', 'பின்னால கார்!' கேட்டதை அப்படியே பின்னுக்குக் கடத்துங்கள். உங்களோடு நின்றுபோன எச்சரிக்கை உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு உதவாது. சந்திப்புகளில் மட்டும் யாரோ 'வாங்க, வாங்க' என்றார் என்று கடந்துவிடாதீர்கள். அவர் பார்த்தபோது காலியாக இருந்த சாலையில் நீங்கள் போகும்போது லாரி இருக்கலாம்.

இன்னொன்று. புதியவர்கள் கூச்சப்பட்டுக் கடைசியில் ஒதுங்குவார்கள், ஆனால் கடினமான இடமே அதுதான். திருப்பத்தில் முதலாமவர் லேசாக வேகம் குறைத்தால் இரண்டாமவர் இன்னும் கொஞ்சம் குறைப்பார், அடுத்தவர் அதைவிடக் கொஞ்சம். இப்படிக் கூடிக் கூடிக் கடைசி ஆள் ஏறக்குறைய நின்றே போவார். அதற்குள் முன்னால் உள்ளவர்கள் கிளம்பியிருப்பார்கள். ஒவ்வொரு திருப்பத்துக்கும் பிறகு துரத்த வேண்டியவர் அவர்தான். வரிசையில் மூன்றாவது நான்காவது இடத்தில், அனுபவசாலி ஒருவருக்குப் பின்னால் இடம் கேளுங்கள். கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

படி 6: முன்னால் முறை எடுப்பது

வரிசையின் முன்னால் போய்க் காற்றை வாங்கும் வேலையை ஒவ்வொருவராக மாற்றி மாற்றிச் செய்வதுதான் முறை எடுப்பது. முதல் இரண்டு மூன்று சவாரிகளில் இது வேண்டாம். பிறகு உங்கள் முறை வரும்போது, முன்னால் வந்ததும் உற்சாகத்தில் வேகத்தைக் கூட்டாதீர்கள். எல்லாரும் செய்கிற காரியம் அது. வரிசை துண்டாகிவிடும். முந்தையவர் விட்ட அதே வேகத்தில் போங்கள். எதிர்க்காற்றிலோ ஏற்றத்திலோ வேகத்தைப் பிடித்துவைக்க முயலாமல் உழைப்பைச் சமமாக வையுங்கள்.

முப்பது நொடி போதும். களைப்பு தெரிவதற்கு முன்பே விலகுங்கள். பின்னால் பார்த்து, முழங்கையை அசைத்துக் காட்டி, குழு வழக்கமாக விலகும் பக்கம் ஒரு கை தூரம் நகர்ந்து, மிதிப்பதைச் சற்றே தளர்த்துங்கள். வரிசை உங்களைக் கடந்து போகும். கடைசி ஆளின் சக்கரம் உங்கள் பக்கத்தில் வரும்போதே மறுபடி மிதிக்கத் தொடங்க வேண்டும். அவர் கடந்த பிறகு தொடங்கினால் இடைவெளி விழுந்துவிடும், இப்போதுதான் காற்றை வாங்கிக் களைத்த கால்களால் அதை மூடுவது பெரும்பாடு.

படி 7: ஏற்றமும் இறக்கமும்

ஏற்றத்தில் வரிசை தேவையில்லை. வேகம் குறைந்துவிடுவதால் ஒளிந்துகொள்வதன் பயனும் குறைவு. அவரவர் வேகத்தில் ஏறி உச்சியில் கூடிக்கொள்ளலாம். சரிவு கடுமையாவதற்கு முன்பே கியரை மாற்றுங்கள். இறக்கத்தில் இடைவெளியை இரண்டு மடங்காக்கி, விரல்களைப் பிரேக்மேலேயே வைத்திருங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

படி 8: தண்ணீரும் தீனியும்

ஒரு மணி நேரச் சவாரிக்குத் தண்ணீர் போதும். ஒன்றரை மணியைத் தாண்டினால் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். பசித்த பிறகு சாப்பிடலாம் என்று இருந்தால் காலம் கடந்திருக்கும். முதல் அரை மணி கழிந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள். புதிய தீனி எதையும் நீண்ட சவாரி அன்று முதல்முறையாகச் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம்.

படி 9: வாரத்தில் மூன்று நாள் பயிற்சி

ஒரு நாள் இலகுவாக 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். இலகு என்றால் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். அதற்கு எந்தக் கருவியும் தேவையில்லை. இன்னொரு நாள், பத்து நிமிடம் உடலைச் சூடேற்றிக்கொண்டு இரண்டு நிமிடம் கடுமையாக, மூன்று நிமிடம் இலகுவாக, இப்படி ஐந்து தடவை. கடுமையான பகுதியில் இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் பேச வரக்கூடாது. மூன்றாவது நாள் குழுவோடு நீண்ட சவாரி. நீண்ட சவாரியின் தூரத்தை வாரத்துக்குப் பத்து சதவீதம்போலக் கூட்டி, நான்காவது வாரம் எல்லாவற்றையும் குறைத்து உடலைத் தேற விடுங்கள்.

பலர் எல்லா நாளும் நடுத்தரமாக மூச்சு வாங்க ஓட்டுகிறார்கள். சில வாரம் முன்னேற்றம் தெரியும், பிறகு தேங்கிவிடும். இலகுவான நாள் உண்மையிலேயே இலகுவாக இருந்தால்தான் கடுமையான நாளில் கால் ஒத்துழைக்கும்.

ஓரளவு தேறியவர்கள் 20 நிமிடம் முழுமூச்சாக ஓட்டி, அதன் சராசரித் திறனில் (பெடலில் செலுத்தும் வாட் அளவில்) 95 சதவீதத்தை ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய எல்லையாகக் கணக்கிட்டுப் பயிற்சியைத் திட்டமிடலாம். வாட் அளக்கும் கருவி இல்லாவிட்டால் இதயத் துடிப்பு போதும்.

வேகமானவர்களுக்கு மெதுவான குழுவில் என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. நிறைய இருக்கிறது. எதிர்க்காற்றில் முன்னால் நீண்ட முறை எடுக்கலாம். உச்சிக்கு முதலில் போய், திரும்பி இறங்கிக் கடைசி ஆளோடு மறுபடி ஏறலாம். அவர்களுக்குப் பயிற்சியாகவும் கடைசியில் வருகிறவருக்குத் துணையாகவும் இருக்கும்.

படி 10: அடுத்த இலக்கு

நூறு கிலோமீட்டர் வசப்பட்ட பிறகு பிரவே எனப்படும் நெடுந்தூரச் சவாரிகளைப் பாருங்கள். அவை பந்தயங்கள் அல்ல, நேரத்துக்குள் முடித்தால் போதும். 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 600க்கு 40 மணி. இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 200க்குத் தேவைப்படும் சராசரி மணிக்கு 15 கி.மீ.க்குக் கீழேதான். ஆகவே அதை முடிக்க வேகத்தைவிட வீண் நிறுத்தங்களைக் குறைப்பதே அதிகம் உதவும். பிரான்ஸில் 1891இல் பந்தயமாகத் தொடங்கிய பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் இன்று இந்த வகையில்தான் நடக்கிறது. ஏறத்தாழ 1,200 கி.மீ., உச்ச வரம்பு 90 மணி நேரம்.

இருட்டில் ஓட்ட நேர்ந்தால் முன்னும் பின்னும் விளக்கு, ஒளியைத் திருப்பிக் காட்டும் மேலாடை. குழுவில் போகும்போது பின்விளக்கை மினுக்கவிடாமல் நிலையாக எரியவிடுங்கள், பின்னால் வருகிறவரின் கண் கூசாது.