மவுஸ் இல்லாமல் ஆடியோ எடிட்டிங்: காதும் கீபோர்டும் போதும்

ஆடியோ எடிட்டிங் சொல்லித்தரும் விளக்கங்கள் பலவும் "அலைவடிவத்தில் இந்த இடத்தை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள்" என்றுதான் தொடங்குகின்றன. பார்வையற்றவர்களும், கை நடுக்கத்தால் மவுஸை நேராக இழுக்க முடியாதவர்களும் அந்த முதல் வரியோடு வெளியே நின்றுவிடுகிறார்கள். இது எனக்கு நெடுநாள் மனக்குறை. காதால் கேட்கப்போகிற ஒன்றைக் கண்ணால் பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. பதிவு செய்த பேச்சில் ஒரு தவறான வரியை நீக்குவதை, திரையைப் பார்க்காமலே செய்து பார்ப்போம்.

நான் எடுத்துக்கொள்வது ஆடாசிட்டி. 2000-இல் வெளிவந்த இலவச மென்பொருள். விண்டோஸில் திரையை வாசித்துச் சொல்ல என்விடிஏ இருக்கிறது. அதுவும் இலவசம், 2006-இல் தொடங்கப்பட்டது. கீழே உள்ள விசைகள் ஆடாசிட்டியின் 3ஆம் வரிசைப் பதிப்புகளுக்கானவை.

முதலில் ஒரு சின்ன மாற்றம்

கன்ட்ரோல் + பி அழுத்தினால் விருப்பத் தேர்வுகள் திறக்கும். அதில் கீபோர்டு பக்கத்துக்குப் போய், 'டிஃபால்ட்ஸ்' பொத்தானில் 'ஃபுல்' என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். இயல்பாக வரும் 'ஸ்டாண்டர்டு' தொகுப்பில் சில விசைகள் அடங்கியிருக்காது. நமக்கு மிகவும் தேவைப்படும் நான்கு விசைகளும் அப்படி விடுபட்டவற்றில்தான் இருக்கின்றன.

ஹெட்ஃபோன் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். இல்லையென்றால் என்விடிஏ பேசுவதும் மைக்கில் ஏறிவிடும். அது குறுக்கே பேசினால் கன்ட்ரோல் விசையை ஒருமுறை தட்டுங்கள், நிறுத்திக்கொள்ளும்.

பதிவு

ஆர் அழுத்தினால் பதிவு தொடங்கும், ஸ்பேஸ் அழுத்தினால் நிற்கும். மறுபடி ஆர் அழுத்தினால் அதே டிராக்கின் (பதிவான ஒலி இருக்கும் வரிசையின்) கடைசியில் தொடரும். புது டிராக் வேண்டுமானால் ஷிஃப்ட் + ஆர். பேசும்போது நாக்கு குழறினால் பதிவை நிறுத்த வேண்டாம். இரண்டு நொடி அமைதியாக இருந்துவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்லுங்கள். பின்னால் வெட்டும்போது அந்த அமைதிதான் கைகொடுக்கும்.

தவறு இருக்கும் இடத்துக்குப் போவது

ஸ்பேஸ் அழுத்திக் கேளுங்கள். ஓடும்போது இடது, வலது அம்புக்குறிகள் ஒரு நொடி பின்னும் முன்னும் நகர்த்தும். ஷிஃப்டும் சேர்த்தால் 15 நொடி. புதியவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்: ஸ்பேஸால் நிறுத்தினால் கர்சர் தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடும். கேட்ட இடத்திலேயே நிற்க வேண்டுமானால் எக்ஸ் அழுத்த வேண்டும்.

குறித்து வெட்டுவது

இப்படி ஒரு பதிவு என்று வைத்துக்கொள்வோம்: "அவள் படியேறி வந்தாள். கதவை மெல்லத் தற... கதவை மெல்லத் திறந்தாள்." நடுவில் இருக்கும் "கதவை மெல்லத் தற" போக வேண்டும். ஓடவிட்டு, "வந்தாள்" முடிந்ததும் [ அழுத்துங்கள். "தற" கடந்ததும் ] அழுத்துங்கள். தேர்வு தயார்.

ஆனால் உடனே டெலீட் அழுத்திவிடாதீர்கள். காது கேட்டு விரல் அழுத்துவதற்குள் ஒலி கொஞ்சம் ஓடிவிடும், அதனால் எல்லைகள் பெரும்பாலும் தள்ளித்தான் விழும். சரிபார்க்கத்தான் அந்த நான்கு விசைகள். ஷிஃப்ட் + எஃப்5 தேர்வு தொடங்குவதற்கு முன்னால் உள்ள சிறு துண்டை ஒலிக்கும், எஃப்6 தொடங்கியபின் உள்ளதை. எஃப்7 தேர்வு முடிவதற்கு முன்னால் உள்ளதை, எஃப்8 முடிந்தபின் உள்ளதை. எல்லாவற்றோடும் ஷிஃப்ட் உண்டு. ஓரங்களில் உள்ள 5, 8 மிஞ்சப்போகும் ஒலி. நடுவில் உள்ள 6, 7 போகப்போகும் ஒலி. இப்படி மனதில் வைத்தால் குழப்பம் வராது.

ஷிஃப்ட் + எஃப்5 அழுத்தும்போது "வந்தாள். கத" என்று கேட்டால் தொடக்கம் தாமதமாக விழுந்திருக்கிறது. ஷிஃப்ட் + இடது அம்பு அழுத்தி, தொடக்கத்தைப் பின்னால் இழுங்கள். ஷிஃப்ட் + எஃப்8-இல் "கதவை" என்பதற்குப் பதில் "தவை" என்று கேட்டால், நல்ல வாக்கியத்தின் முதல் எழுத்தைத் தேர்வு விழுங்கிவிட்டது. கன்ட்ரோல் + ஷிஃப்ட் + இடது அம்பு முடிவைச் சுருக்கும். ஒவ்வோர் அழுத்தலிலும் எல்லை மிகச் சிறிதாக நகர வேண்டுமானால் கன்ட்ரோல் + 1 கொடுத்து ஜூமைக் கூட்டுங்கள். கன்ட்ரோல் + 2 இயல்பான அளவுக்குக் கொண்டுவரும். ஜூம் என்றால் பார்ப்பதற்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம், அம்புக்குறி எவ்வளவு நகரும் என்பதையும் அதுதான் முடிவு செய்கிறது.

அப்புறம் சி அழுத்துங்கள். தேர்வை விட்டுவிட்டு முன்னும் பின்னும் ஒட்டி ஒலிக்கும், வெட்டினால் எப்படி இருக்கும் என்று வெட்டாமலே தெரிந்துவிடும். இடைவெளி நீளமாகத் தோன்றினால் இரண்டு பக்க அமைதியும் தங்கிவிட்டது என்று பொருள்; ஒன்றைத் தேர்வுக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். மூச்சு விடும் இடத்தையெல்லாம் வெட்டாதீர்கள் என்பது என் வேண்டுகோள். மூச்சே இல்லாத பேச்சு கேட்பவருக்கு மூச்சு முட்டும்.

திருப்தியானதும் இசட் ஒருமுறை, பிறகு டெலீட். அலை பூஜ்ஜியத்தைக் கடக்கும் இடத்துக்கு எல்லைகளை இசட் நகர்த்துகிறது. வேறு உயரத்தில் வெட்டி ஒட்டினால் அந்த இடத்தில் அலை திடீரென்று தாவும், அதுதான் 'டிக்' என்று கேட்கிறது. தவறிப்போனால் கன்ட்ரோல் + இசட் இருக்கிறது.

டெலீட் வேலை செய்யவில்லையா? டிராக் தேர்வாகியிருக்காது. மேல், கீழ் அம்புகளால் அந்த டிராக்குக்குப் போய் எண்டர் அழுத்துங்கள். அம்புகள் டிராக்கில் வேலை செய்யவில்லை என்றால் கன்ட்ரோல் + எஃப்6 திரையின் ஒவ்வொரு பகுதியாக நகர்த்தி டிராக்குக்குக் கொண்டுவரும்.

சேமிக்க கன்ட்ரோல் + எஸ், எம்பி3 ஆகவோ வேவ் ஆகவோ வெளியே எடுக்க கன்ட்ரோல் + ஷிஃப்ட் + ஈ. இரண்டும் ஒன்றல்ல: முதலாவது ஆடாசிட்டி மட்டும் திறக்கும் திட்டக் கோப்பு. மறுபடி எடிட் செய்ய அது தேவைப்படும், அழித்துவிடாதீர்கள்.