பாம்பு கடித்தால் முதலில் கொலுசைக் கழற்றுங்கள்

டெல்டாப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 26 வருடம் நர்ஸாக இருந்தேன். குறுவை அறுப்பு தொடங்கினால் பாம்புக்கடியும் வரத் தொடங்கும். காலில் துண்டைக் கட்டிக்கொண்டு வருவார்கள், தாம்புக்கயிறு கட்டி வருவார்கள், ஒருவர் சைக்கிள் ட்யூபே சுற்றி வந்தார். விஷம் ஏறாதாம்! ரத்த ஓட்டம் நின்று கால் நீலம் பாரித்ததுதான் மிச்சம். கண்ணாடி விரியன் விஷமென்றால் தேங்கிய இடத்திலேயே சதையை அழுகவைக்கும். ஏற்கெனவே யாராவது இறுக்கிக் கட்டிவிட்டால், வழியில் பட்டென்று அவிழ்க்காதீர்கள். டாக்டர் பார்த்துக்கொள்வார்.

சரி, என்ன செய்வது? கடிபட்டவரை நடக்கவிடாமல் உட்காரவோ படுக்கவோ வையுங்கள். கொலுசு, மெட்டி, மோதிரம், அரைஞாண் எல்லாம் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். எலும்பு முறிந்தால் கட்டுவதுபோல, காலோடு ஒரு மட்டையை வைத்துத் துணியால் தளர்வாகச் சுற்றுங்கள். 108ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமானால், பைக்கில் நடுவில் உட்காரவைத்து, பின்னால் ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது, வேப்பிலை கசக்கிறதா என்று பார்ப்பது, எதுவும் வேண்டாம்.

பாம்பை அடித்துப் பையில் போட்டுக் கொண்டுவருகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம்தான் வரும். செத்த பாம்பின் தலையும் கடிக்கும். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுக்கும் ஒரே மருந்துதான். மாமல்லபுரம் பக்கத்தில், வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கிற விஷம்தான் பெரும்பாலும் அந்த மருந்துக்கு மூலப்பொருள்.

கட்டுவிரியன்தான் ஏமாற்றும். ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும். வலியும் இருக்காது, பல் பட்ட தடமும் தெரியாது. ஒருநாள் விடியற்காலை ஓர் அம்மா, பையனுக்கு வயிற்றுவலி என்று தூக்கி வந்தார். முந்தின நாள் சாப்பிட்ட பரோட்டாவைத் திட்டிக்கொண்டிருந்தார். “கண்ணைத் திறடா தம்பி” என்றேன். நெற்றியைத்தான் சுருக்கினான், இமை ஏறவில்லை. “எங்கம்மா படுத்திருந்தான்?” என்றேன். திண்ணையில், பாயில். உடனே மருந்து ஏற்றி, மூச்சுக் கருவி உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிழைத்துக்கொண்டான். வெறும் வயிற்றுவலி என்று காலை வரை வைத்திருந்தால் மூச்சே நின்றிருக்கும்.

கட்டில் இல்லாத வீடுகளில் கொசுவலை கட்டி, அதன் ஓரத்தைச் சுற்றிலும் பாய்க்கடியில் செருகிவிட்டுப் படுங்கள். ராத்திரி கொல்லைக்குப் போனால் டார்ச்சும் செருப்பும்.