மூக்குச் சுட்ட பிறகு பொருக்கில் கை வைக்காதீர்கள்

சோளகம் வீசுகிற மாதங்களில் வன்னியில் காற்றில் ஈரமே இராது. மூக்கின் உள்தோல் காய்ந்து வெடித்து இரத்தம் வரும். அநேகமாக அது மூக்கின் நடுச்சுவரின் முன்பக்கத்தில், விரல் எட்டும் இடத்தில் உள்ள மெல்லிய குழாய்களிலிருந்துதான் வரும். அடிக்கடி வந்தால் வைத்தியர் அந்த இடத்தை விறைக்கச் செய்து, வெள்ளி நைத்திரேற்றுக் குச்சியால் சில விநாடிகள் தொட்டுச் சுட்டுவிடுவார். வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிழை நடப்பது வீட்டுக்கு வந்த பிறகுதான்.

சுட்ட இடத்தில் பொருக்குக் கட்டும். அடியில் புதுத்தோல் வளர ஒன்று, இரண்டு கிழமை எடுக்கும். அதுவரை மூக்கு அடைத்தது போல இருக்கும், கொஞ்சம் சாம்பல் நிறத்தில் நீரும் வடியும். 'உள்ளுக்குள் ஊத்தை கிடக்குது' என்று சீறுவதும் நகத்தால் கிளறுவதும்தான் மிகப் பெரிய பிழை. பொருக்கு உரிந்தால் காயம் திரும்பத் திறந்துவிடும். வடிவதை வெளியில் மட்டும் ஒற்றி எடுங்கள். தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள். நித்திரையிலும் கை மூக்குக்குத்தான் போகும்.

தந்த களிம்பைப் பூசாமல் விடுவது அடுத்த பிழை. வலி இல்லை என்று இரண்டு நாளில் நிறுத்திவிடுகிறார்கள். பொருக்கு காயாமல் இருக்கத்தான் அது. மூக்கு வாசலில் கொஞ்சம் வைத்து, வெளியிலிருந்து மெதுவாக அமத்திவிட்டால் போதும். பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டுத் தேய்க்க வேண்டாம். களிம்புக்குப் பதிலாகச் சித்தாலேபவோ விக்ஸோ உள்ளே பூசவே கூடாது. கற்பூரமும் மெந்தோலும் புண்ணை எரிக்கும். ஆவி பிடிப்பதும் வேண்டாம், சூட்டில் இரத்தக்குழாய் விரியும். முதல் ஓரிரு நாள் தேத்தண்ணியையும் ஆறவிட்டே குடியுங்கள்.

வேலையை நிறுத்துவதுதான் எங்கள் ஆட்களுக்குக் கஷ்டம். நெல் மூட்டை தூக்குவது, கிணற்றில் வாளியால் அள்ளுவது, குனிந்து களை பிடுங்குவது எல்லாமே தலைக்கு அழுத்தத்தை ஏற்றும். ஒரு கிழமையாவது வேறு யாரிடமாவது விடுங்கள். அறுவடை நேரமென்றால் வெட்டு மெசின் பக்கம் போகவே வேண்டாம். நெல்லுச் சுனை மூக்குக்குள் போனால் தும்மல் நிற்காது.

நோவுக்குப் பனடோல் போதும். டிஸ்பிரின், புரூபன் போன்றவை இரத்தம் உறைவதைத் தடுக்கும், நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். ஆனால் இருதயத்துக்கு அஸ்பிரினோ வார்ஃபரினோ எடுப்பவர்கள், மூக்கில் இரத்தம் வருகிறதே என்று தாங்களாக நிறுத்துவது அதைவிட ஆபத்து. கிளினிக்கில் கேட்டே எதையும் மாற்றுங்கள்.

திரும்ப இரத்தம் வந்தால் தலையை அண்ணாத்திப் படுக்க வைக்கிறார்கள். இரத்தம் தொண்டைக்குள் இறங்கி வாந்தி வரும், எவ்வளவு போகிறது என்பதும் தெரியாது. இருந்தபடி முன்னுக்குக் குனிந்து, மூக்கெலும்புக்குக் கீழுள்ள மென்மையான பகுதியை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து, வாயால் மூச்சு விடுங்கள். மணிக்கூட்டைப் பார்த்து 10 முதல் 15 நிமிடம். இடையில் விட்டுப் பார்ப்பதால்தான் பலருக்கு நிற்பதில்லை. வாய்க்குள் வருவதைத் துப்புங்கள், விழுங்க வேண்டாம்.

அதன் பிறகும் நிற்காவிட்டால் ஆசுபத்திரிதான். ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கத்திலிருந்து போக நேரமெடுக்கும், வழி முழுக்கப் பிடியை விடாதீர்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றவேண்டாம், தலைசுற்றி விழலாம். இரத்தம் கூடப் போனால் அல்லது ஆள் சோர்ந்தால் 1990 அம்புலன்சுக்கு அடியுங்கள்.

'மற்றப் பக்கத்தையும் இன்றைக்கே சுட்டுவிடுங்கோ டொக்டர், திரும்பத் திரும்ப வர ஏலாது' என்று கேட்பவர்களும் உண்டு. நடுச்சுவரின் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் ஒன்றாய்ச் சுட்டால் இரத்த ஓட்டம் குறைந்து சுவரில் ஓட்டை விழலாம். அதனால்தான் சில கிழமை இடைவெளி விடுகிறார்கள்.