வாடகை வீட்டில் கார் சார்ஜர்: மானியம் கேட்கும் முன் மீட்டர் பெட்டியைத் திறங்கள்

லண்டனில் ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட், ஹாரோ பக்கம் ஒரு வீட்டையாவது வாடகைக்கு விட்டிருக்கும் நம்மவர்கள் நிறையப் பேர். மின்வேலைக்குப் போகிற இடங்களில் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள்: "தம்பி, சார்ஜர் போட அரசாங்கம் காசு தருதாமே?" தருகிறது. பிரிட்டனில் வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர்களுக்கான மானியம் 2022 ஏப்ரலில் வந்தது. தொடங்கியபோது ஒரு சாக்கெட்டுக்குச் செலவில் 75 சதவீதம், அல்லது 350 பவுண்டு, இரண்டில் எது குறைவோ அது. 75 சதவீதம் என்றதும் மயங்கிவிடாதீர்கள். சார்ஜரும் கூலியும் சேர்ந்து ஆயிரம் பவுண்டை ஒட்டி வரும் வேலையில் கிடைப்பது அந்த உச்சவரம்புதான். தொகையும் நிபந்தனைகளும் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் அன்று அரசின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாடகைக்காரரிடம் மின்சாரக் கார் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அந்த வீட்டுக்கென்று தெருவை விட்டு ஒதுங்கிய சொந்த பார்க்கிங் இடம் வேண்டும். டிரைவ்வே (வீட்டோடு சேர்ந்த கார் நிறுத்துமிடம்) இல்லாத வரிசை வீட்டுக்கு இது சரிவராது. ஃபிளாட் என்றால் ஃப்ரீஹோல்டரின், அதாவது கட்டடமும் நிலமும் யாருடையதோ அவரின், அனுமதிக் கடிதம் முதலில்.

சரி, இனி மீட்டர் பெட்டி. வீட்டு சார்ஜர் பெரும்பாலும் 7 கிலோவாட். ஓடும்போது 32 ஆம்பியர் இழுக்கும். எலெக்ட்ரிக் ஷவர் ஒன்று 40 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். பழைய வீடுகள் பலவற்றில் மெயின் ஃபியூஸ் 60 ஆம்பியர்தான். காலையில் வாடகைக்காரர் குளிக்கும்போது காரும் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தால் கணக்கு நீங்களே போடலாம். இதற்கு வழி இரண்டு. வீட்டின் மொத்த இழுவையைப் பார்த்து தானே குறைந்துகொள்ளும் சார்ஜரை வாங்கலாம். அல்லது பகுதி மின்வினியோக நிறுவனத்திடம் பெரிய ஃபியூஸ் கேட்கலாம். லண்டனில் பெரும்பாலும் அது யூகே பவர் நெட்வொர்க்ஸ். பக்கத்து வீட்டோடு ஒரே கேபிளைப் பகிரும் லூப் இணைப்பு என்றால் அதையும் அவர்கள்தான் பிரித்துத் தர வேண்டும். வாரக்கணக்கில் இழுக்கும், சில சமயம் டிரைவ்வேயையும் தோண்டுவார்கள். அதனால் ஃபியூஸ், மீட்டர், பெட்டியின் உட்புறம், கார் நிற்கும் இடம், இத்தனைக்கும் போட்டோ எடுத்து, சார்ஜர் பொருத்தும் இன்ஸ்டாலருக்கு அனுப்பிவிட்டு அப்புறம் விலை கேளுங்கள். போட்டோ பார்க்காமல் போனிலேயே விலை சொல்பவரை நான் நம்பமாட்டேன்.

வேலை செய்பவர் அரசின் அங்கீகாரம் பெற்ற இன்ஸ்டாலராக இருக்க வேண்டும். சார்ஜர் மாடலும் அங்கீகாரப் பட்டியலில் இருக்க வேண்டும். விலை எழுத்தில் வந்ததும் இணையத்தில் நீங்களே விண்ணப்பியுங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி விண்ணப்பம். கம்பெனியாகவோ வாட் (VAT வரி) எண்ணோடோ பதிவில்லாத உரிமையாளர் என்றால், வீட்டை வாடகைக்கு விடுவதற்கான கூடுதல் ஆதாரம் கேட்பார்கள். ஒப்புதல் வரும்வரை சுவரில் ஒரு துளைகூடப் போட வேண்டாம். முன்பே முடித்த வேலைக்கு மானியம் இல்லை. மானியப் பணம் உங்கள் வங்கிக்கு வராது. இன்ஸ்டாலர் பில்லில் கழித்துவிட்டு, அரசிடம் வாங்கிக்கொள்வார். பில்லில் அந்தக் கழிவு தனி வரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

அறை அறையாக விட்டு, கரண்ட் பில்லை நீங்களே கட்டும் வீடா? அப்படியானால் கார்டோ ஆப்போ வைத்துப் பூட்டக்கூடிய சார்ஜராக எடுங்கள். இல்லாவிட்டால் தெருவிலுள்ள நண்பர்களின் கார்களெல்லாம் உங்கள் செலவில் ஓடும். முழு வீட்டையும் ஒரு குடும்பத்துக்கு விட்டிருந்தால் இந்தக் கவலை இல்லை. பில் அவர்களுடையது. பொது சார்ஜரில் 20 சதவீத வாட் வரி, வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீதம் என்பதால் அவர்களுக்கும் லாபம்.

2022 ஜூன் 30 முதல் இங்கு விற்கும் வீட்டு சார்ஜர்கள் 'ஸ்மார்ட்' வகையாகத்தான் இருக்க வேண்டும். வார நாட்களில் காலை 8 முதல் 11, மாலை 4 முதல் இரவு 10 வரை ஏற்றாதபடிதான் ஆரம்ப அமைப்பு இருக்கும். மாலையில் செருகியும் ஏறவில்லை என்று வாடகைக்காரர் போன் செய்தால் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆப்பில் மாற்றிக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

வேலை முடிந்ததும் மின் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஆப் கணக்கை உங்கள் மின்னஞ்சலில் திறந்து, வாடகைக்காரரைப் பயனராகச் சேருங்கள். அவர் பெயரிலேயே திறந்துவிட்டால், வீடு காலி செய்த பிறகு கடவுச்சொல்லுக்காக அவரைத் தேடி அலைய வேண்டிவரும்.