கொழுந்து நிறுவை நிற்காமல் இன்டெக்ஸ் போடுவது

ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்து நிறுவைக் கணக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் இடத்தில்) கிலோ பதிவாகாமல் போனால் அடிபடுவது கொழுந்து பறித்தவரின் சம்பளம். அதனால் எந்த இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அகரவரிசை போன்ற அமைப்பு) போட்டாலும், அது பிடிக்கும் லொக் (மற்ற வேலைகளைத் தடுத்து வைக்கும் பூட்டு) என்ன என்றுதான் முதலில் பார்ப்பேன்.

சாதாரண 'கிரியேட் இன்டெக்ஸ்' டேபிளில் ஷேர் லொக் பிடிக்கும். வாசிக்கலாம், ஆனால் வேலை முடியும்வரை ஒரு வரிகூட எழுத முடியாது. நிறுவை நடக்கும்போது அதைத் தொடவே வேண்டாம். 'கிரியேட் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி' கொடுங்கள். பதிவு தடையில்லாமல் நடக்கும். டேபிளை இரண்டு முறை வாசிப்பதால் நேரம் கூடும், பரவாயில்லை. இதை டிரான்சாக்‌ஷனுக்குள் (பல கட்டளைகளை ஒரே வேலையாகச் சேர்த்து முடிக்கும் தொகுதி) வைத்து ஓட்ட முடியாது.

இன்னொன்று, ஏற்கெனவே திறந்திருக்கும் டிரான்சாக்‌ஷன்கள் முடியும்வரை அது காத்திருக்கும். அலுவலகத்தில் யாராவது கமிட் கொடுக்காமல் (வேலையை உறுதிசெய்து முடிக்காமல்) திரையை விட்டுப் போயிருந்தால் இன்டெக்ஸ் அப்படியே நிற்கும். ஆகவே தொடங்குமுன் இப்போது யார் என்ன ஓட்டுகிறார் என்று காட்டும் 'பிஜி ஸ்டாட் ஆக்டிவிட்டி'யில் பழைய டிரான்சாக்‌ஷன் இருக்கிறதா என்று பாருங்கள்.

மழைக்காலத்தில் கரண்ட் போய் இடையில் நின்றுவிட்டால், 'இன்வாலிட்' என்ற குறியோடு அரைகுறை இன்டெக்ஸ் மிஞ்சியிருக்கும். தேடலுக்கு உதவாது, எழுதுவதை மட்டும் மெதுவாக்கும். 'டிராப் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி' கொடுத்து எடுத்துவிட்டு மறுபடி போடுங்கள்.

சரி, எந்த நிரல்களில்? ஒருவரின் ஒரு மாதக் கிலோவைத் தேடுவதுதான் வழக்கம் என்றால் தொழிலாளர் எண் முதலில், திகதி அடுத்து. வெளிச்சாவி (வேறொரு டேபிளின் வரியைச் சுட்டும் இணைப்பு) வைத்த நிரலுக்கு போஸ்ட்கிரெஸ் தானாக இன்டெக்ஸ் போடாது. நீங்களே போட வேண்டும்.

டேபிளின் அமைப்பை மாற்றும் 'ஆல்டர் டேபிள்' கொடுக்கும்போது இன்னும் கவனம் வேண்டும். அது ஒரு நீண்ட வாசிப்பு முடியக் காத்திருந்தால், பின்னால் வரும் சாதாரண தேடல்களும் வரிசையில் நின்றுவிடும். லொக்குக்காகக் காத்திருக்கும் நேர எல்லையான 'லொக் டைம்அவுட்'டை 2 வினாடி என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிட்டு அப்புறம் முயலலாம். யார் யாரைத் தடுக்கிறார் என்று 'பிஜி பிளாக்கிங் பிட்ஸ்' காட்டும், 9.6ஆம் பதிப்பிலிருந்து அது இருக்கிறது.

பயன்படாத இன்டெக்ஸை நீக்க நினைத்தால் அது எத்தனை தடவை பயன்பட்டது என்று காட்டும் 'இன்டெக்ஸ் ஸ்கேன்' எண்ணிக்கை பூச்சியமா என்று பாருங்கள். ஆனால் சம்பளக் கணக்கு மாதக் கடைசியில்தான் ஓடும். அது ஒரு தடவை ஓடி முடியும்வரை எதையும் நீக்காதீர்கள்.